மஞ்சள் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

டீ வற்றிவிட்டது. மறுபடி வைத்தேன், அதுவும் வற்றியது. மூன்றாவது முறை அடுப்பை விட்டு நகராமல் நின்றேன்.

இன்று நானூறு மூடி சோதித்தேன். ஒன்பது கழிந்தது. ஒன்பதுக்கும் படிவம். படிவத்தில் நாலு கட்டம் — பொருள், குறை, காரணம், நடவடிக்கை. பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறவனுக்கு உலகமே அந்த நாலு கட்டம்தான் என்று அவள் சொல்வாள். எனக்கு அவள் வைத்த பெயர் மைக்ரான். "மைக்ரான் சார் வந்துட்டாரு, தட்டு நேரா இருக்கான்னு பாருங்கப்பா." வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். யாரைப் பார்த்து 'பாருங்கப்பா' என்பாளோ.

அவள் போய் இன்றோடு நூற்றுப் பத்து நாள்.

மார்ச் 4, புதன்

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிறு காலை பதினொரு மணி என்றால் அத்தையின் போன். மகளோடு பேசுகிற நேரம் அது. இப்போது அந்த நேரத்துக்கு நான்.

"சாப்டீங்களா மாப்ள?"

"ஆச்சு அத்தை."

"என்ன சாப்டீங்க?"

இதற்குத்தான் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் மாட்டிக்கொள்வேன். போன வாரம் சொன்னதையே இந்த வாரமும் சொன்னேன்.

வைக்கும்போது வழக்கம்போல அதே பேச்சு. "வண்டிக் கண்ணாடிய மாத்திட்டீங்களா? அவ பண்ணி வச்ச வேலை… சின்ன வயசுலேர்ந்தே கை அவசரம் அவளுக்கு. மனசுல வச்சுக்காதீங்க மாப்ள."

"இல்ல அத்தை" என்றேன். மாற்றவில்லை என்றா, மனதில் வைக்கவில்லை என்றா — எனக்கே தெரியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

அதை எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்து ஒன்றும் ஆகவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு. முடி வெட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். ஷெட்டுக்கு வெளியே, நல்ல வெயிலில், வண்டி சொட்டச் சொட்ட நின்றது. அவளும் அப்படித்தான் நின்றாள். பக்கத்தில் வாளி. கையில் சாமான் தேய்க்கிற ஸ்பாஞ்சு — ஒரு பக்கம் மஞ்சள், மெத்தென்று இருக்கும். மறுபக்கம் பச்சை, சொரசொரவென்று. "எப்படி இருக்கு?" என்றாள்.

பைக்கின் ஹேண்டிலுக்கு முன்னால் மாட்டியிருக்கிற விண்ட்ஷீல்டைப் பார்த்தேன். சூரியன் அதில் ஒரு புள்ளியாக மின்னியது. அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கீறல்கள். நூறு இருக்கும். அதற்கு முந்தின நாள்வரை நான் பார்த்ததில்லை.

"பச்சைப் பக்கத்தால தேச்சியா?"

"இல்லடா. மஞ்சப் பக்கம்தான்."

"பொய் சொல்லாத. வட்டம் வட்டமா தெரியுது பாரு."

"சத்தியமா மஞ்சப் பக்கம். கடையில தினமும் எத்தனை லென்ஸ் கழுவறேன், எனக்குத் தெரியாதா?"

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற பாடத்தைத்தான் தினமும் காலையில் எனக்கும் சொல்வாள். "காஞ்ச துணியால தேய்க்காத மைக்ரான். முதல்ல தண்ணி, அப்புறம்தான் துணி." நான் ஷெட்டில் பனியன் துணியால் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "அது மூக்குக் கண்ணாடி, இது வண்டி" என்பேன். சிரிப்போம்.

அன்றைக்குச் சிரிக்கவில்லை. "இனிமே என் பொருளைத் தொடாத" என்றேன். அதோடு விட்டேனா? அவள் எதிரிலேயே அத்தைக்குப் போன் போட்டேன். "உங்க பொண்ணு வண்டியப் பாழாக்கிட்டா. கேட்டா பொய் வேற."

மூன்று நாள் நான் பேசவில்லை. புதன் சாயங்காலம் அவளாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள். "சரி. பச்சைப் பக்கம்தான். மன்னிச்சுடு. இப்பவாவது பேசு."

அப்பவும் நான் பேசல. ஒத்துக்கிட்டால்ல, அது போதும்னு இருந்தது. நாளைக்குப் பேசிக்கலாம்னு நினைச்சேன்.

வியாழன் மத்தியானம், கடையில், தலை வலிக்குது என்று சொல்லி மேஜைமேல் தலை வைத்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ஒரு ரத்தக் குழாய். பிறவியிலேயே அங்கே பலவீனம் இருந்திருக்கும், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். காரணம் கட்டம் நிரம்பிவிட்டது. நடவடிக்கை — இல்லை.

மார்ச் 11, புதன்

விண்ட்ஷீல்டை ஏன் மாற்றவில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள்.

புடவைகளை அத்தை கொண்டுபோனார். செருப்பு, பை எல்லாம் மச்சான் எடுத்துப்போனான். தலையணை உறையை நானே துவைத்துவிட்டேன், யோசிக்காமல், வழக்கமான சனிக்கிழமைத் துவையலோடு. அவள் கை சுற்றின தடம் என்று மிச்சம் இருப்பது அந்த வட்டங்கள் மட்டும்தான். எதற்காகத் திட்டினேனோ அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்றும் காலையில் வண்டியைத் துடைத்தேன். கை தானாகப் போகிறது.

மார்ச் 17, செவ்வாய்

ஒரு டம்ளர் உடைந்தது. பெருக்கினேன்.

மார்ச் 24, செவ்வாய்

மச்சான் வந்திருந்தான். அவளுடைய தம்பி. கூரியர் ஆபீசில் வேலை, நாள் முழுக்க வண்டியில்தான் இருப்பான். ஏதோ கையெழுத்துக்காக வந்தவனைச் சாயங்காலம் பஸ் நிலையத்தில் விடப் போனேன். மேற்கே போகிற ரோடு. சூரியன் நேர் எதிரில். விண்ட்ஷீல்டு முழுக்க ஒரே வெளிச்சமாகிவிட்டது. எனக்கு அது பழகிவிட்டது — குத்துமதிப்பாக ஓட்டுவேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் ரோட்டைக் கடந்தார். நான் பார்க்கவில்லை. மச்சான் பின்னாலிருந்து "மாமா! மாமா!" என்று தோளைப் பிடித்து இழுத்தான். பிரேக் பிடித்தேன். முன்சக்கரத்துக்கும் அவர் காலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். அவர் கத்தினார். கத்தட்டும் என்று இருந்தது. என் நெஞ்சு படபடக்கக்கூட இல்லை.

மச்சான் இறங்கி விண்ட்ஷீல்டை விரலால் தட்டினான். "இதுல எப்படி மாமா ஓட்றீங்க? கண்ணக் கட்டிட்டு ஓட்டினா இதைவிட நல்லாத் தெரியும்."

"பழகிடுச்சுடா."

"உங்களுக்குப் பழகிடுச்சு. அந்த சைக்கிள்காரருக்குப் பழகலையே." கீறல்களின்மேல் விரலை ஓட்டினான். "அக்கா போட்ட கீறல்னு வச்சிருக்கீங்க, அதானே? எனக்குத் தெரியும். அக்கா இருந்தா முதல்ல உங்க மண்டையிலதான் போடுவா."

பஸ் நிலையத்துக்கு அவன்தான் ஓட்டினான். விண்ட்ஷீல்டுக்கு மேலே கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டிக்கொண்டு.

மார்ச் 25, புதன்

கம்பெனியில் அச்சுகளை முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவன் ஒருவன் உண்டு. பெயரே பளபள. என் வயதுதான். அவனை வண்டிப் பக்கம் கூட்டிப்போனேன்.

"ஓய், விண்ட்ஷீல்டா இது? பாத்ரூம் ஜன்னலைக் கழட்டி மாட்டிட்டியோன்னு பார்த்தேன்."

நகத்தால் சுரண்டி, முகர்ந்து, அக்ரிலிக்தான், மேலே பூச்சு இல்லை, தேய்க்கலாம் என்றான். உப்புத்தாள் மூன்று ரகம் கொடுத்தான் — ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம், மூவாயிரம் நம்பர், நம்பர் ஏற ஏற நைசாகும். கூடவே ஒரு டப்பா பாலிஷ்.

"தண்ணி இல்லாம கை வைக்காத. ஒரு தாளை இடமும் வலமுமா தேய். அடுத்ததை மேலயும் கீழயுமா. முதல் தாளோட கோடு ஒண்ணு விடாம சாகணும், அப்பதான் அடுத்த தாள். நடுவுல மொத்தமும் பால் மாதிரி ஆயிடும், பயந்து விட்டுடாத. நிறைய பேரு அங்கதான் விடறான்." போகும்போது திரும்பினான். "முதல்ல டார்ச் அடிச்சு எது ஆழம்னு பாரு. உனக்குச் சொல்லணுமா, நீதான் தரம் பார்க்கற ஆளாச்சே."

மார்ச் 29, ஞாயிறு

தாள்கள் மேஜைமேல் இருக்கின்றன. பதினொரு மணிக்கு அத்தை. சாப்டீங்களா. ஆச்சு. கை அவசரம் அவளுக்கு. சரி அத்தை.

ஏப்ரல் 2, வியாழன்

நேற்று முழுக்க மழை. அதனால்தான் தேய்க்கவில்லை என்று எழுதலாம். ஷெட்டுக்குக் கூரை இருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

விண்ட்ஷீல்டைக் கழற்றவில்லை, பார்க்க மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டு இறங்கினேன். ஷெட் கதவைச் சாத்தினேன். மத்தியான இருட்டு. டார்ச்சை அடித்தேன். வெளிச்சப் புள்ளியைச் சுற்றி அதே வட்டங்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டார்ச்சை வலது பக்கம் நகர்த்தினேன்.

வட்டங்களும் நகர்ந்தன.

இடது பக்கம் கொண்டுபோனேன். கூடவே வந்தன. கீழே. மேலே. டார்ச் எங்கேயோ அங்கே வட்டம்.

எனக்கு இது தெரியும். கீறல்கள் தாறுமாறாகக் கிடந்தாலும், விளக்குக்கு வாட்டமாக இருக்கிற கீறல் மட்டும்தான் மின்னும். மின்னுகிறதெல்லாம் சேர்ந்து விளக்கைச் சுற்றி வட்டம் போட்ட மாதிரி காட்டும். ஸ்டீல் தட்டை வெயிலில் திருப்பினாலே தெரிகிற சங்கதி. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற சங்கதி. வட்டத்தை வைத்துக் காரணம் எழுதாதே என்று சொல்லியே கொடுத்திருக்கிறேன்.

மாடிக்குப் போய்ப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற லென்ஸை எடுத்து வந்தேன். கோடுகள் வளைவாக இல்லை. நேர்க்கோடுகள். ஆழமானவை இடமிருந்து வலம், வலது பக்கம் போகப் போக லேசாக மேலே ஏறும்; மெல்லியவை எல்லாப் பக்கமும். ஒன்றின்மேல் ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாக, மூன்று வருஷத்துக் கோடுகள். ஆழத்தில் பழைய அழுக்கு கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. வண்டிக்கு வலது பக்கம் நின்று காய்ந்த துணியால் தூசியைத் தேய்த்தால் கை எப்படிப் போகுமோ அப்படி. நின்று பார்த்தேன். கையை வீசிப் பார்த்தேன். பொருந்தியது.

இடது பக்கக் கீழ் மூலை, இண்டிகேட்டருக்குப் பின்னால். என் துணி அங்கே எட்டாது. அவள் அங்கேயும் கழுவியிருக்கிறாள், அழுக்கு இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

அவள் கழுவினதில், என் துணிக்குப் போகாத தூசிப் படலம் போனது. அடியில் இருந்தது வெயிலில் தெரிந்தது. அவ்வளவுதான் நடந்தது.

அப்ப நூத்தி நாப்பது நாளா நான் பார்த்துக்கிட்டிருந்தது என் கையைத்தான். அவ கை இதுல எங்கயுமே இல்ல.

ஏப்ரல் 6, திங்கள்

காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பளபள வந்து, "ஓய், தூங்கறியா?" என்றான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அப்புறம் ஏன் புதன்கிழமை ஒத்துக்கிட்டா?

ஏப்ரல் 11, சனி

நாளைக்குத் தேய்ப்பதற்கு வாளி வேண்டியிருந்தது. ஷெட் மூலையில் கவிழ்த்து வைத்திருந்தது. அவள் கவிழ்த்தது, அதற்குப்பின் நான் தொடவில்லை. நிமிர்த்தினேன். அடியில் ஸ்பாஞ்சு, காய்ந்து கட்டை மாதிரி.

மஞ்சள் பக்கம் கருத்திருந்தது. ரோட்டு அழுக்கு, செயின் எண்ணெய், ஒட்டிக்கொண்ட ஒரு பூச்சி இறக்கை. பச்சைப் பக்கம் கடையில் வாங்கினபடியே இருந்தது. பச்சைப் பசேலென்று.

லென்ஸ் தேவைப்படவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

தேய்த்தேன். காலை எட்டு மணிக்குக் கழற்றினேன். பழைய போர்வையை விரித்து அதன்மேல் வைத்தேன். முதலில் தண்ணீர். ஆயிரத்து ஐந்நூறு, இடமும் வலமும். பத்தே நிமிஷத்தில் மொத்தமும் வெள்ளையாகிவிட்டது. எதிர்ப்பக்கம் வைத்த கையே தெரியவில்லை. பளபள சொன்ன இடம் இதுதான்.

கீறலை எடுக்கிறோம் என்று பேச்சுக்குத்தான் சொல்கிறோம். கீறலை எடுக்கவே முடியாது. அதைச் சுற்றி நன்றாக இருக்கிற இடத்தை எல்லாம் அதன் ஆழத்துக்கு இறக்க வேண்டும்.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. கை முழுக்க வெள்ளைப் பால். எடுக்கவில்லை. அடித்து நின்றது.

இரண்டாயிரம், மேலும் கீழும். மூவாயிரம், மறுபடி இடமும் வலமும். அப்புறம் பாலிஷ், மெத்தென்ற துணியில். மூன்று மணிவாக்கில் வெள்ளைக்குள்ளிருந்து போர்வையின் பூ ஒன்று தெரிந்தது. பிறகு இன்னொன்று. தோள் விட்டுப்போயிற்று. வேறெதுவும் தோன்றவில்லை. நல்லா வந்திருக்கு, சோதனையில பாஸ் — அதுதான் தோன்றியது.

ஆழமான கோடு ஒன்று வலது ஓரத்தில் நிற்கிறது. பார்வைக்கு மறிக்காது. விட்டுவிட்டேன். அது என்னுடையதுதானே.

ஏப்ரல் 19, ஞாயிறு

அத்தை.

"போன வாரம் போன் எடுக்கலையே மாப்ள."

"வண்டிக் கண்ணாடியத் தேச்சிட்டிருந்தேன் அத்தை. பளிச்சுன்னு ஆயிடுச்சு."

"அப்பாடா." நிஜமாகவே மூச்சு விட்டார், போனில் கேட்டது. "அப்ப அவ மேல இருந்த கோபமும் போச்சுல்ல?"

இப்ப சொல்லு. சொல்லுடா. வாயத் திற.

"போச்சு அத்தை" என்றேன்.

ஏப்ரல் 20, திங்கள்

போச்சு அத்தையாம்.

ஏப்ரல் 23, வியாழன்

செத்துப்போனவளை மன்னிச்ச பெரிய மனுஷன்னு அத்தை என்னை நினைச்சுக்கிட்டு இருக்காங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மகளுக்காக என்கிட்ட மன்னிப்பு கேக்கறாங்க. நானும் வாங்கி வாங்கி வச்சுக்கறேன். எதுக்கு? அவ எதுவுமே பண்ணல.

போனில் சொல்ல முடியாது. நேரில் போக வேண்டும்.

ஏப்ரல் 26, ஞாயிறு

போகவில்லை. போனில், சாப்டீங்களா, ஆச்சு.

மே 3, ஞாயிறு

போனேன். ஒரு மணி நேர ஓட்டம். ஸ்பாஞ்சைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன் — கம்பெனியில் கழிந்த சாம்பிளை உறையில் போட்டு வைக்கிற பழக்கம்.

மச்சான் வாசலில் நின்று விண்ட்ஷீல்டைச் சுற்றி வந்தான். "மாமா, இது உங்க வண்டிதானா? வேற யாரோடதையாவது தள்ளிட்டு வந்துட்டீங்களா?" சட்டைப்பையைப் பார்த்தான். "அது என்ன, ஸ்பாஞ்சா? இங்கயும் சாமான் தேய்க்கணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தீங்களா?"

அத்தை உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன். உறையிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "அத்தை, அவ மஞ்சப் பக்கம்தான் தேச்சா" என்றேன்.

அத்தை மடியிலிருந்த துணியை நகர்த்தி வைத்தார்.

"அந்தக் கீறல் அவ போட்டது இல்ல. நான் போட்டது. மூணு வருஷமா காஞ்ச துணியால துடைச்சுத் துடைச்சு நானே போட்டது. அவ கழுவினதுல தெரிஞ்சுது, அவ்ளோதான். அவ பொய் சொல்லல. நான்தான் உங்ககிட்ட அவளைப் பொய்க்காரின்னு சொன்னேன்."

அத்தை ஸ்பாஞ்சைத் திருப்பிப் பச்சைப் பக்கத்தைப் பார்த்தார். மறுபடி மஞ்சளைப் பார்த்தார். பூச்சி இறக்கையை விரலால் தடவினார்.

"என்கிட்டயும் மஞ்சப் பக்கம்னுதான் சொன்னா."

"எப்ப?"

"அந்தப் புதன்கிழமைதான். வேலையிலேர்ந்து கூப்பிட்டா. அவர் மூணு நாளா பேசலம்மா, நான் மஞ்சப் பக்கம்தான் தேச்சேன், நீயாவது நம்புன்னா." அத்தை நிறுத்தினார். மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி மடித்தார். "நானும் நம்பல மாப்ள. நீங்க அதே வேலையில இருக்கறவரு, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். வாயடிக்காம பச்சைப் பக்கம்தான்னு ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேளுடீ, ஒரு ஸ்பாஞ்சுக்காகவா சண்டைன்னு நான்தான் சொன்னேன். கேட்டாளா?"

"கேட்டா அத்தை."

"பேசினீங்களா?"

"இல்ல."

மச்சான் கதவருகில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது.

அத்தை எழுந்தார். ஸ்பாஞ்சைப் புடவைத் தலைப்பில் துடைக்கப் போனவர் துடைக்காமல் அப்படியே என்னிடம் கொடுத்தார்.

"சாப்டீங்களா மாப்ள?"

"இல்ல அத்தை" என்றேன். "ரொம்ப நாளாவே சரியாச் சாப்பிடல."

"தெரியும்" என்றார். "ஒவ்வொரு வாரமும் ஒரே சாப்பாட்டைத்தானே சொல்றீங்க."

சாயங்காலம் திரும்பினேன். மேற்கே பார்த்த ரோடு. சூரியன் நேர் எதிரில். விண்ட்ஷீல்டில் ஒன்றுமில்லை, ரோடு முழுக்க, அந்தக் கோடிவரை தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள்தான் மங்கிக்கொண்டே வந்தது. இரண்டு இடத்தில் ஓரம்கட்டி நிறுத்த வேண்டியிருந்தது.

மே 4, திங்கள்

லீவு போட்டேன். தூங்கினேன்.

மே 10, ஞாயிறு

பதினொரு மணிக்கு இந்த முறை நான் கூப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று அத்தை கேட்டார், சொன்னேன். புதிதாக ஒன்று சமைத்திருந்தேன், உப்பு அதிகம். "அவளும் அப்படித்தான் போடுவா" என்றார். மன்னிப்பு கேட்கவில்லை.

பிறகு வண்டியை ஷெட்டுக்கு வெளியே, வெயிலில் நிறுத்தினேன். பனியன் துணியைக் குப்பையில் போட்டாயிற்று.

முதலில் தண்ணீர். அப்புறம் மஞ்சள் பக்கம்.